எறும்பு தொடாத கேக்

பாசத்துக்கும் தற்சமயம் கோபத்துக்கும் உரிய என் தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதுவது. நான் இங்கே உடம்பளவில் சௌக்கியம். அங்கே நீயும் பட்டாணியும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கடிதம் என்று எழுத உட்கார்ந்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பதால் கேட்டு வைக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா, சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றதா, நான் போன் செய்யும்போது மணி அடிப்பது உன் காதில் விழுகிறதா என்பதையும் தெரிவிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து நீ என் போனை எடுக்கவில்லை. ஒரே ஒரு செய்தி அனுப்பினாய். "உன் கேக்கால என் பொண்ணு கல்யாணம் நின்னுபோச்சு. இனிமே எனக்கு போன் பண்ணாதே" என்று. போன் செய்யாதே என்றுதானே சொன்னாய், கடிதம் எழுதாதே என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். பையன் வீட்டார் அன்றைக்குப் போனவர்கள் போனவர்கள்தான், அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை என்பது எனக்கும் தெரியும். பட்டாணி வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், வெந்நீரைத் தவிர எதையும் தொட மாட்டேன் என்கிறாள் என்பதும் உன் எதிர்வீட்டு அம்மாள் சொல்லித் தெரியும். பையனை நினைத்து நினைத்துத்தான் பிள்ளை இப்படிச் சுருண்டு கிடக்கிறாள் என்று அந்த அம்மாள் சொன்னாள். இத்தனைக்கும் காரணம் நான். இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை எழுத முடியும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். அந்தக் கேக்கை நானாக முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு செய்யவில்லை. பட்டாணிதான் கேட்டாள். ஒரு நாள் ஆபீஸ் விட்டு நேரே இங்கே வந்தவள், சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "மாமா, அவங்க அப்பா அம்மா வர்றப்ப கடையில வாங்கின கேக் வேண்டாம். நீங்க செய்ங்க. லாவெண்டர் போட்டு" என்றாள்.

"ஏம்மா, ஏலக்காய் போடறேனே. யாருக்கும் பிடிக்காம போகாது."

"இல்ல மாமா. அவங்க வீட்டுல சொந்தக்காரங்க கூட்டம் கூட்டமா இருக்காங்க. என் பக்கம் அம்மாவும் நீங்களும் மட்டும்தான். அப்பல்லாம் நீங்க வேலை முடிஞ்சு வந்து கதவைத் திறந்தா வீடு முழுக்க ஒரு வாசனை வருமே, அது அன்னைக்கு இருக்கணும். அது இருந்தா எனக்கு தைரியமா இருக்கும்."

இப்படி ஒரு பெண் கேட்டால் எந்த மாமன் மாட்டேன் என்பான், நீயே சொல். உன் வீட்டுக்காரர் போன பிறகு நீ அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தபோது நான் சோப்பு ஆலையில் லாவெண்டர் பிரிவில் சேர்ந்திருந்தேன். ஓய்வு பெறும் வரைக்கும் அதே பிரிவுதான். நீங்கள் தனி வீடு பார்த்துப் போகிற வரையில் தினமும் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடி வந்து என் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மூச்சை இழுப்பாளே, நினைவிருக்கிறதா. நீகூட, "அழுக்குச் சட்டைடி, விடு" என்று இழுப்பாய். எனக்கென்று ஒரு குடும்பம் அமையவில்லை என்று ஊரார் உச்சுக்கொட்டினபோதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான் வரும், ஏனென்றால் தினமும் ஒருத்தி வந்து கட்டிக்கொள்கிற வீட்டுக்குத்தான் நான் திரும்பிக்கொண்டிருந்தேன்.

நீ எச்சரித்தாய், மறுக்கவில்லை. "அண்ணா, பூவெல்லாம் ஜாடியில வைக்கறது, வாயில வைக்கறதில்ல" என்றாய். நான்தான், "உனக்கென்ன தெரியும், வெளிநாட்டுக்காரங்க எல்லாத்துலயும் போடறாங்க" என்று பெரிய மேதாவி மாதிரி பேசினேன். வெளிநாட்டுக்காரர்கள் கரண்டி நுனியில் போடுகிறார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை. என்னிடம் கரண்டிக்கெல்லாம் வேலையும் இல்லை. மற்ற இடங்களில் ஓய்வு பெறுகிறவனுக்குக் கடிகாரம் கொடுப்பார்கள், எங்கள் ஆலையில் ஒரு மூட்டை காய்ந்த லாவெண்டர் பூ கொடுத்து அனுப்பினார்களே, அது பரணில் கிடந்தது. அதைக் கீழே இறக்கினேன்.

முதல் கேக் ஒழுங்காகத்தான் செய்தேன். மைதாவைச் சலித்து, வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுக்க அடித்து, முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி, பூவைச் சின்னக் கரண்டியால் அரைக் கரண்டி போட்டேன். வீட்டில் தனியாக இருக்கிறவன் தன் சமையலைத் தானே மெச்சிக்கொள்ளக் கூடாது, நாலு பேர் ருசி பார்த்துச் சொல்லட்டும் என்றுதான் என் ஆலைக் கூட்டாளிகளைக் கூப்பிட்டேன். உனக்குத்தான் தெரியுமே, மூக்கு சார், தராசு, பீப்பாய் மூன்று பேரும். மூக்கு சார் எங்கள் பிரிவுக்குத் தலைமை, ஒவ்வொரு கலவையையும் அவர் முகர்ந்து தலையாட்டின பிறகுதான் அது அச்சுக்குப் போகும். வாசனை விஷயத்தில் அவருக்கு மேல் ஒரு ஆள் உண்டா என்று நினைத்தேன். இந்த இடத்தில்தான் நான் மோசம் போனேன்.

மூக்கு சார் ஒரு துண்டை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். "கேக் பிரமாதம்ப்பா. ஆனா லாவெண்டர் எங்கே?" என்றார். தராசு, "போடவே மறந்துட்டாரு போல" என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது, பூ போட்ட அடையாளமே தெரியவில்லை. அடுத்த கேக்கில் ஒரு கைப்பிடி போட்டேன். "ம்... எங்கேயோ தூரத்துல வர்ற மாதிரி இருக்கு" என்றார் மூக்கு சார். அவர் அதைச் சொன்னது என் மனம் நோகக் கூடாது என்பதற்காக என்று இப்போது தெரிகிறது. மூன்றாவது கேக்கில் இரண்டு கை போட்டு, போதாதென்று பூவைப் பாலில் கொதிக்கவைத்து வடிகட்டி அந்தப் பாலையும் ஊற்றினேன், பால் ஒரு மாதிரி சாம்பல் நிறமாக மாறியது, அதையும் அழகு என்று நினைத்தேன். சின்னதாக ஒரு கசப்பு தட்டியது, சர்க்கரையைக் கூட்டினேன். பீப்பாய் ஒருவனே பாதிக் கேக்கைத் தின்றுவிட்டு, "இப்பதான் வழிக்கு வந்திருக்கீங்க, இன்னும் கொஞ்சம் போட்டா கச்சிதம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவர்கள் பேச்சைக் கேட்டேனே தவிர, வேறு யார் சொன்னதையும் நான் கேட்கவில்லை. லிப்டில் மேல்மாடி அம்மாள், "திரைச்சீலையெல்லாம் துவைச்சீங்களா, வாசனை எங்க வீடு வரைக்கும் வருது" என்றாள். சந்தோஷமாகத் தலையாட்டினேன். சமையலறை ஜன்னலில் தேனீக்கள் வந்து முட்டிக்கொண்டே இருந்தன, கேக்குக்கு நல்ல சகுனம் என்று அவற்றைப் பார்த்துச் சிரித்தேன். இதெல்லாம் போகட்டும், சனிக்கிழமை ராத்திரி கடைசிக் கேக்கை மேசைமேல் மூடாமல் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் ஒரு எறும்புகூட அந்தப் பக்கம் வரவில்லை. என் வீட்டு எறும்பைப் பற்றி உனக்குத் தெரியும், இறுக மூடின சர்க்கரை டப்பாவுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிற ஜாதி. அது கேக்கைச் சுற்றி ஒரு முழம் தள்ளி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. மனுஷனாகப் பிறந்த எனக்கு அந்த எறும்புக்கு இருந்த அறிவு இருந்திருக்க வேண்டும், இல்லாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை நீ உள்ளே வந்ததும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "தரை துடைச்சியா அண்ணா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன், துடைத்திருந்தேன். பையனின் அம்மா, அந்தப் பல் டாக்டர், வாசலிலேயே நின்று, "வீட்டை ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்க" என்றார்கள். பல் டாக்டர் வாயால் சுத்தம் என்று பாராட்டு வாங்கிவிட்டோமே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் முன்னால் செல்லப் பேரைச் சொல்லிக் கூப்பிடாதே என்று நீ ஒன்றுக்கு இரண்டு தடவை படித்துப் படித்துச் சொல்லியிருந்தும் அந்தச் சந்தோஷத்தில், "பட்டாணி, நாற்காலி எடுத்துப் போடு" என்று வாய் தவறிவிட்டது, அதற்கும் இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கேக்கை வெட்டி நானே தட்டில் வைத்துக் கொடுத்தேன். பெரிய பெரிய துண்டாக. பாசத்தைத் துண்டின் அளவில் காட்டுகிற புத்தி எனக்கு எப்போதும் உண்டு.

இப்போது யோசித்தால் ஒவ்வொன்றும் கண்முன் வருகிறது. பல் டாக்டர் அம்மா வாயில் போட்டதும் மெல்லுவதை நிறுத்திவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல்லைப் பற்றித் தெரிந்தவர்கள், நிதானமாக மெல்லுகிறார்கள் என்று நினைத்தேன். அவர் வீட்டுக்காரர், அதான் மருந்துக் கடை வைத்திருக்கிறாரே, அவர் ஒரு விள்ளல் தின்றுவிட்டு ரொம்ப மரியாதையாக, "இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார். நான், "எப்ப வேணும்னாலும் சாப்பிடலாம் சார்" என்றேன். பையனுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. என்னப்பா என்று கேட்டால், "ஒண்ணுமில்ல மாமா, தூசி" என்றான். நல்ல பிள்ளை. என்னை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை, அந்தப் பூரிப்பில் நான் டீ போட உள்ளே போனேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு என் பின்னாலேயே ஓடி வந்தாய்.

உள்ளே நாம் இரண்டு பேரும் குசுகுசுவென்று போட்ட சண்டையை நான் திரும்ப எழுத வேண்டியதில்லை. நீ குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்துக்கொண்டே, "சோப்பைக் கரைச்சு ஊத்தியிருக்கியா?" என்றாய். நான், "உனக்கு நாக்கு செத்துப்போச்சு, மூக்கு சாரே நல்லாயிருக்குன்னு சொன்னாரு" என்றேன். நீ, "அந்த ஆளு மூக்கைக் கொண்டு போய் அடுப்புல போடு" என்றாய். பால் பொங்கி வழிந்தது. அதைத் துடைத்து, மறுபடி பால் வைத்து, நீ அழுது, நான் முறைத்து, கடைசியில் டீயை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் எல்லாத் தட்டும் காலி. ஒரு பொடிகூட மிச்சமில்லை, கழுவி வைத்த மாதிரி இருந்தது. உன் தட்டும் காலி. "பாத்தியா" என்று உன்னை ஒரு பார்வை பார்த்தேனே, அந்தப் பார்வைக்காகத்தான் கடவுள் என்னை இப்படிக் காயப்போடுகிறார் என்று நினைக்கிறேன். பட்டாணியிடம், "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன். வாயைத் திறக்காமல் தலையை மட்டும் பலமாக ஆட்டினாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். இவ்வளவு ருசித்துச் சாப்பிட்டவர்களை வெறுங்கையோடு அனுப்பலாமா என்று மிச்சமிருந்த கேக்கையும் டப்பாவில் போட்டு டாக்டர் அம்மா கையில் திணித்தேன். மருந்துக் கடைக்காரர் அவசரமாகக் கடை திறக்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்கு விடுமுறை என்று அதற்குச் சற்று முன்னால் அவரேதான் சொல்லியிருந்தார்.

அவர்கள் போன பிறகு, நீயும் வாடின முகத்தோடு இருந்த பட்டாணியைக் கூட்டிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போன பிறகு, நான் தேடினேன். சாப்பிடவில்லை என்றால் எங்கேயாவது போட்டிருக்க வேண்டுமே. சோபா மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன், பூந்தொட்டி மண்ணைக் கிளறினேன், ஜன்னலுக்கு வெளியே எட்டிக் கீழ்வீட்டுக்காரர் கார்மேல் ஏதாவது கிடக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அப்படியானால் எல்லாரும் சாப்பிட்டிருக்கிறார்கள், சாப்பிட்டார்கள் என்றால் பிடித்திருக்கிறது, நீதான் ஊதிப் பெரிதாக்குகிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கேக் பாத்திரத்தில் ஒட்டியிருந்த ஒரு துண்டைக் கீழே இஸ்திரிக் கடைக்காரருக்குக் கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "இதைத் தண்ணியில கரைச்சுத் தெளிக்கணுமா சார், இல்ல அப்படியே துணிக்கு அடியில வைக்கணுமா?" என்று கேட்டார். நான் மாடி ஏறி வந்துவிட்டேன்.

மறுநாளே மூக்கு சார் வீட்டுக்குப் போனேன். தராசையும் பீப்பாயையும் அங்கேயே வரச் சொன்னேன். லாவெண்டர் எண்ணெய்க் குப்பி ஒன்று, வெறும் தண்ணீர்க் குப்பி ஒன்று. எது எது என்று மூக்கு சாரின் மருமகள் மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு, எங்கள் கண்ணைக் கட்டி மாற்றி மாற்றி முகரவைத்தாள். நாலு பேரும் ஒரே குரலில் தண்ணீரை லாவெண்டர் என்றோம். அந்தப் பெண் எண்ணெய்க் குப்பியைத் திறந்ததும் தும்மிக்கொண்டே வெளியே ஓடினாள், அவள் ஏன் ஓடுகிறாள் என்றுகூட எங்களுக்குப் புரியவில்லை. இத்தனை வருஷம் அந்த அறையிலேயே இருந்து, அங்கேயே சோற்று டப்பாவைத் திறந்து தின்று, மற்ற வாசனையெல்லாம் தெரிகிற எங்கள் மூக்குக்கு அந்த ஒன்று மட்டும் அடைத்துப்போயிருக்கிறது. ஆபீஸ் டைப்பிஸ்ட் எங்கள் பிரிவு வாசலில் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றபடியே காகிதத்தை நீட்டுவாள், திமிர் பிடித்தவள் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். மூக்கு சார் கண்கட்டை அவிழ்த்து மடித்து வைத்தார். "அப்ப நான் இத்தனை நாளா எதுக்குத் தலையாட்டினேன்?" என்று கேட்டார்.

எனக்கு வருத்தம் என்ன தெரியுமா தங்கச்சி. கேக் கெட்டுப்போனது கூட இல்ல. பட்டாணி எந்த வாசனையை நம்பி, அது இருந்தா தைரியமா இருக்கும்னு சொன்னாளோ, அது என்னன்னே எனக்குத் தெரியாது. அவ என் சட்டையில மூஞ்சியை வச்சு இழுத்த வாசனையை நான் ஒரு நாளும் முகர்ந்ததில்ல. ஆலையில சேர்ந்த புதுசுல தெரிஞ்சிருக்கும், ஞாபகம் இல்ல. தெரியாத ஒண்ணை அள்ளி அள்ளிப் போட்டு, அவ சந்தோஷமா இருக்க வேண்டிய நாளை நானே கெடுத்துட்டேன். அரைக் கரண்டியோட நிறுத்தியிருந்தா போதும். நீ சொன்னதைக் கேட்டிருந்தா போதும். ஏலக்காய் போட்டிருந்தா இந்நேரம் நீ கல்யாணத்துக்குப் புடவை பாத்துக்கிட்டு இருந்திருப்பே. இங்க நான் மட்டும் சாப்பிட்டு, நான் மட்டும் படுத்து, மேசையில அவ உக்காந்த நாற்காலியைப் பாத்துக்கிட்டு இருக்கேன். அதை இன்னும் இருந்த இடத்துக்குத் தள்ளி வைக்கக்கூட மனசு வரலை.

அதனால் மூன்று முடிவு செய்திருக்கிறேன். மூட்டையில் மிச்சமிருந்த பூவை மூட்டையோடு குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன், அந்த வண்டிக்காரர் மட்டும் இன்றைக்குச் சிரித்துக்கொண்டே போனார். அடுத்தது, டாக்டர் அம்மா வீட்டுக்கு நானே போய், வாசலில் நின்றாவது, தப்பு என் பேரில்தான், பெண் பேரிலோ அவள் அம்மா பேரிலோ ஒன்றுமில்லை என்று சொல்லப் போகிறேன். அவர்கள் கதவைத் திறக்காவிட்டாலும் வெளியே நின்று சொல்லிவிட்டு வருவேன். கடைசியாக, இந்தக் கடிதத்தோடு என் ஓவனை உனக்கு அனுப்பிவிடுகிறேன். என் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. நீ அதைப் பாத்திரம் வைக்கிற அலமாரியாகப் பயன்படுத்திக்கொள், இல்லாவிட்டால் கோபம் வரும்போதெல்லாம் அதை நான் என்று நினைத்து ஒரு தட்டு தட்டிக்கொள். இனிமேல் இந்த ஜென்மத்தில் கேக் என்ற பேச்சே என் வீட்டில் கிடையாது.

பட்டாணி எழுந்து உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டாள் என்று மட்டும் யார் மூலமாகவாவது எனக்குச் சொல்லி அனுப்பு. அவளுக்கு நல்லது நடக்க வேண்டும், உன் கோபம் தணிய வேண்டும், உன் முழங்கால் சரியாக வேண்டும், இதே வரிசையில் வேண்டிக்கொள்கிறேன். எதிர்வீட்டு அம்மாளுக்கு என் வணக்கம்.

திட்டு வாங்குவதற்காவது உன் குரலைக் கேட்கக் காத்திருக்கும்,
அண்ணன்.

பி.கு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் கதவைத் தட்டினார்கள். திறந்தால் டாக்டர் அம்மா, கையில் என் கேக் டப்பா. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பெல்லாம் மறந்துபோய், "டப்பா அவசரமில்லைங்க" என்றேன். உள்ளே வந்து, பட்டாணி உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். "பொய் சொல்ல மாட்டேன் சார். உங்க கேக் சோப்பேதான். மிச்சத்தைக் கம்பளித் துணிக்கு நடுவுல வெச்சிருக்கேன், பூச்சி வரலை" என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்களும் உங்க தங்கச்சியும் உள்ள போனீங்களே, அப்ப நான் என் தட்டை மேசைக்கு அடியில தள்ளப் பாத்தேன். உங்க மருமக அதை வாங்கிக்கிட்டா. 'ஆன்ட்டி, மாமா வந்து மிச்சத்தைப் பாத்தா மனசு கஷ்டப்படுவாரு, குடுங்க'ன்னா. அவ துண்டு, என் துண்டு, இவரோடது, என் பையனோடது, அவ அம்மாவோடது, அத்தனையும் அவளே தின்னா. கண்ணுல தண்ணி வருது, நிறுத்தலை. நானும் பாதி சாப்பிடறேன்னு பையன் கெஞ்சினான், குடுக்கலை. நீங்க டீயோட வர்றப்ப கடைசி வாய் உள்ளயே இருந்துச்சு."

அவள் வாயைத் திறக்காமல் தலையாட்டினாளே, அது வெட்கம் இல்லை தங்கச்சி. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாளே, அது பையனை நினைத்தும் இல்லை. அவன் தினமும் அவளோடு போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறானாம். அவளுக்கு வயிறு சரியில்லை, அவ்வளவுதான். மாமா காதுக்குப் போகக் கூடாது, போனால் உடைந்துபோவார் என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாள், உன்னிடம் சொன்னால் நீ என்னிடம் சொல்லிவிடுவாய் என்று உன்னிடமும் சொல்லவில்லை. அவள் தேறினதும் நாள் பார்க்கலாம் என்று அவர்கள் சும்மா இருந்திருக்கிறார்கள். "அப்ப சத்தியத்தை மீறி ஏன் சொல்றீங்க?" என்று கேட்டேன். "சமாதானம் பண்றேன்னு நீங்க இன்னொரு கேக் செஞ்சு அவளுக்கு அனுப்பிட்டா? எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு சார், உயிரோட வேணும்" என்றார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் டப்பாவை வாங்கி உள்ளே வைத்தேன்.

ஆக, மேலே எழுதினதில் முழங்காலைத் தவிர மற்ற எதையும் நீ பொருட்படுத்த வேண்டாம். கல்யாணம் நிற்கவில்லை. மன்னிப்புக் கேட்க நான் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. பூ மூட்டை போனது போனதுதான், ஆனால் பரணில் சிந்தினது ஒரு சிட்டிகை கிடைத்தது, சம்பந்தியம்மாதான் தன் கையால் அளந்து போட்டார்கள். "நீங்க கலக்குங்க, முகர்ற வேலை என்னோடது" என்று சொல்லிப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார்கள். பட்டாணிக்கு இப்போது ஒரு விள்ளல்கூடக் கொடுக்கப் போவதில்லை, வந்து உட்கார்ந்து வாசனையை மட்டும் இழுத்துக்கொண்டு போனால் போதும். கடிதத்தை இப்போதே இஸ்திரிக் கடைக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன், போனை எடு, அவளைக் கூட்டிக்கொண்டு வா. ஓவனை அனுப்பவில்லை, அது சூடாக இருக்கிறது. வீடு முழுக்க அந்த வாசனை வருகிறதாம்.